பந்து மாத்தப் போறியாமே, எய்யா!

எய்யா, இப்படி வந்து உக்காரு. அமெரிக்கன் ஃபுட்பால்ல உனக்கு மவுசு குறைஞ்சு போச்சாம், பேஸ்பால் மட்டையைத் தூக்கப் போறியாம், கேள்விப்பட்டேன். நல்ல காரியம். யாரும் உன்னைத் தடுக்க மாட்டாவ. தடுத்துப்புட்டா வேடிக்கை பாக்க ஆளு வேணும்லா? நானும் தடுக்கலை. ஆனா உனக்கு முன்னாடி இதே வழியில போன டிம் டீபோ கதையை ஒருக்கா காதுல போட்டுக்கிட்டுப் போ. கேட்டுட்டு, லாபம் யாருக்கு, நட்டம் யாருக்குன்னு நீயே கூட்டிக் கழிச்சுக்கோ.

முதல் புத்தி: கிளம்புறதுக்கு முன்னாடி நல்லாப் பேர் வாங்கிக்கோ. டீபோ லேசுப்பட்ட ஆளில்ல. புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2007-ல காலேஜ் ஃபுட்பாலோட பெரிய விருது, ஹைஸ்மன் கோப்பையை வாங்கினான். காலேஜ்ல ரெண்டாம் வருசம் படிக்கிற பையன் அந்தக் கோப்பையை வாங்கினது அதுதான் முதல் தடவை. 2010-ல டென்வர் பிராங்கோஸ் அணி, புது ஆளுகளைப் பொறுக்குற டிராஃப்டுல அவனை முதல் சுற்றுலயே எடுத்துச்சு. 2012 ஜனவரி 8-ஆம் தேதி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸோட பிளேஆஃப் ஆட்டம். சமநிலையில நின்னு கூடுதல் நேரத்துக்குப் போச்சு. அதுல முதல் வீச்சுலயே அவன் போட்ட பந்தைப் பிடிச்சு டிமேரியஸ் தாமஸ் ஓடினான் பாரு, மொத்தம் 80 கெஜம், ஆட்டம் முடிஞ்சது. அந்தச் சமயத்துல அமெரிக்காக்காரன் பாதிப் பேரு டீபோ மாதிரியே ஒரு முழங்காலை ஊன்றி, நெத்தியில கையை வச்சு, சாமி கும்பிடுத மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டுத் திரிஞ்சான்.

சரி, அப்புறம்? ரெண்டே மாசத்துல இவன் ஆடுற இடத்துக்கே பெய்ட்டன் மேனிங் டென்வருக்கு வந்தாரு. இவனை நியூயார்க் ஜெட்ஸுக்குத் தள்ளிவிட்டாவ. ஜெட்ஸ் விட்ட பிறகு பேட்ரியாட்ஸ், அதுக்கப்புறம் ஈகிள்ஸ். ரெண்டு இடத்துலயும் சீசன் தொடங்கும் முன்னாலயே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாவ. பந்தை வீசத் தோளைச் சுத்துறதுக்கே நேரம் ரொம்ப எடுக்கான்னு குறை. முழங்காலுக்குக் கிடைச்ச மரியாதை தோளுக்குக் கிடைக்கலை, பாத்துக்கோ.

ரெண்டாவது புத்தி: பயிற்சிப் பந்தை நம்பாத. 2016 ஆகஸ்ட் 30, லாஸ் ஏஞ்சலஸ்ல தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மைதானம். பேஸ்பால் ஆட வாரேன், வந்து பாருங்கன்னு கூப்பிட்டான். பேஸ்பாலோட உச்சி மட்டம், மேஜர் லீக்ல இருக்கிற 30 அணியில 28 அணி ஆளனுப்பிச்சு. வயசு 29. கடைசியா ஒழுங்கா பேஸ்பால் ஆடினது 2005-ல, பள்ளிக்கூடத்துல. பயிற்சிக்குப் போட்ட பந்தெல்லாம் வேலியைத் தாண்டிப் பறந்துச்சு. வந்தவன் வாயைப் பிளந்தான். பயிற்சிப் பந்துங்கது மாமியார் வீட்டு விருந்து எய்யா. இலையில தானா வந்து விழும். அதுக்கப்புறம் டேவிட் ஆர்ட்ஸ்மா, சாட் ஸ்மித்னு மேஜர் லீக்ல வீசின ரெண்டு பேரு நிசமாவே வீச வந்தாவ. வேகமா வாரது மாதிரி கிளம்பி மெதுவா வந்த பந்துக்கு, பந்து வாரதுக்கு முன்னாலயே இவன் மட்டை சுத்திப் போயிருச்சு.

ஏன் அப்படின்னு கேளு. வீசுறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவுல 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்துல வாற பந்து அரை நொடி ஆகும் முன்னால உன்னைத் தாண்டிப் போயிரும். அதுல பாதி நேரம், என்ன பந்து, அடிக்கவா விடவான்னு கண்ணு முடிவு பண்ணுறதுக்கே போயிரும். ஃபுட்பால்ல பத்து பேரு மேல வந்து விழுந்தாலும் தாங்குற உடம்பு உனக்கு இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தக் கண்ணு உடம்பைப் போல கறியும் முட்டையும் தின்னு வளரது இல்ல. வருசா வருசம் ஆயிரக்கணக்குல பந்தைப் பாத்துப் பாத்து வளரது. இவன் பதினோரு வருசம் பாக்காம இருந்துட்டான்.

போ ஜாக்சன் ரெண்டு ஆட்டமும் ஆடலையான்னு கேப்பே. ஆடினான். 1985-ல ஹைஸ்மன் வாங்கினவன், 1989 ஆல்-ஸ்டார் பேஸ்பால் ஆட்டத்துல சிறந்த ஆட்டக்காரன். ஆனா அவன் ஆபர்ன் பல்கலைக்கழகத்துல படிக்கும்போதே மட்டையை விடலை. விட்டுட்டு வந்தவன் கதை வேணும்னா மைக்கேல் ஜோர்டானைப் பாரு. கூடைப்பந்துல கடவுளுக்கு அடுத்த இடம். 1994-ல பர்மிங்ஹாம் பேரன்ஸுக்கு மட்டை பிடிச்சு, சராசரி .202, ஸ்ட்ரைக் அவுட் 114. இந்த ஆட்டத்துல பத்துக்கு மூணு அடிச்சாலே பெரிய ஆளு. ஜோர்டானுக்கு ரெண்டுதான் வந்துச்சு. மறு வருசமே அவரு கூடைப்பந்துக்குத் திரும்பிட்டாரு. புத்திசாலி.

மூணாவது புத்தி: கைதட்டலை எண்ணாத. 2017 மார்ச்ல, அவனை எடுத்துக்கிட்ட நியூயார்க் மெட்ஸ் சட்டையில டீபோவுக்கு முதல் பயிற்சி ஆட்டம், பாஸ்டனோட. முதல் தடவை வீசினது ரிக் போர்செல்லோ, முந்தின வருசம் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினவன். கடைசிப் பந்துக்கு மட்டையை அசைக்காமலே அவுட். அடுத்த தடவை மூணு பேஸ்லயும் ஆளு நிக்காவ. இவன் தரையோட ஒண்ணு அடிச்சான், தானும் அவுட்டாகி, கூட ஒருத்தனையும் அவுட்டாக்கினான். ஒரு ரன் வந்தது வாஸ்தவம். ஆனா அதுக்குக் கூட்டம் தட்டின தட்டு இருக்கே! ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினதுக்கு அம்புட்டுக் கைதட்டல் வேற எவனுக்குக் கிடைக்கும்? உனக்கும் கிடைக்கும். அதை வச்சு ஆட்டம் தேறிட்டோம்னு நினைச்சுக்கிடாத.

நாலாவது புத்திதான் முக்கியம்: யாரு கல்லாவுல காசு விழுதுன்னு பாரு. மெட்ஸ் டீபோவுக்குக் குடுத்த முன்பணம் 1 லட்சம் டாலர். அவன் 15-ஆம் நம்பர் சட்டையை வித்த காசுக்கும், அவனைப் பாக்க வந்த கூட்டத்துக்கும் முன்னால அது சில்லறை. பிரபலமான ஆளுங்கறதும் ஒரு காரணம்தான், இது கேளிக்கை வியாபாரம்தானேன்னு பிற்பாடு மெட்ஸ் பொது மேலாளர் சாண்டி ஆல்டர்சனே ஒத்துக்கிட்டாரு. தென் கரோலினாவுல கொலம்பியா ஃபயர்ஃபிளைஸ்னு மெட்ஸோட சின்ன அணியில இவனைப் போட்டாவ. முதல் தடவை மட்டை பிடிச்சப்பவே ஹோம் ரன்! அவ்வளவுதான், அவன் போற ஊர்லயெல்லாம் டிக்கெட்டு பறந்துச்சு. சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ்காரன் என்ன செஞ்சான் தெரியுமா? ஸ்கோர் போர்டுல தன் அணிப் பையங்க பேருக்குப் பதிலா ஒவ்வொருத்தனுக்கும் ‘டிம் டீபோ இல்ல’ன்னு போட்டான். டீபோ முன்னால ஒரு தடவை அழுத படத்தையும் காட்டினான். அப்புறம் மன்னிப்புக் கேட்டது வேற விசயம்.

கேலி பண்ணினது இவனைத்தான். ஆனா யோசிச்சுப் பாரு, பேரு போனது யாருக்கு? ‘டிம் டீபோ இல்ல’ன்னு போர்டுல வந்த அந்தப் பையனுக்கு. பத்தொம்பது, இருவது வயசு. அப்ப அந்த மட்டத்துல மாசச் சம்பளம் 1,000 டாலரைச் சுத்தித்தான், அதுவும் சீசன் நடக்கிற மாசத்துக்கு மட்டும். ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அவன் இன்னும் ஆனை ஆகலையே எய்யா. அவன் அவுட்டானா அவுட்டுதான். டீபோ அவுட்டானாலும் டிக்கெட்டு.

இம்புட்டுச் சொல்லிட்டு ஒண்ணைச் சொல்லாம விட்டா நான் அநியாயக்காரன். டீபோ ஓடிப் போகலை. 2018-ல மேல ஏறி, பிங்ஹாம்ட்டன் அணியில முதல் பந்துலயே ஹோம் ரன் அடிச்சு, சராசரி .273 வரைக்கும் ஏத்தி, அந்த லீக்கோட ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானான். அந்த ஜூலையிலயே கையில எலும்பு உடைஞ்சது. மறு வருசம் இன்னொரு படி ஏறி சிரக்கியூஸ். அங்க .163, அதாவது ஆறுக்கு ஒண்ணு. மேஜர் லீக் அதுக்கு அடுத்த படி; அந்தப் படியில பந்து இன்னும் மோசமா வளையும். 2020-ல கொரோனா மைனர் லீக் சீசனையே முழுங்கிருச்சு. 2021 பிப்ரவரியில மட்டையைக் கீழ வச்சான். மொத்தம் 287 ஆட்டம், 18 ஹோம் ரன், 327 ஸ்ட்ரைக் அவுட். ராத்திரி பஸ்ஸுல தூங்கி, காலையில தன்னைவிடப் பத்து வயசு சின்னவன் கூட வரிசையில நின்னு, மறுபடி மறுபடி அவுட்டாகிறதுக்கும் ஒரு தெம்பு வேணும். உன் முகத்தைப் பாத்தா, அந்தத் தெம்பு மூணு வாரத்துக்குத்தான் காணும்னு தோணுது. கோவிச்சுக்கிடாத.

அவனும் அதோட சும்மா இருந்தானா? அதே வருசம் மே மாசம், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ்ல டைட் எண்ட் ஆடுதேன்னு ஃபுட்பாலுக்கே திரும்பி வந்தான். அது அவன் தொழில்ல ஆடாத இடம். ஆகஸ்ட்ல அனுப்பிட்டாவ. இடத்தைக் காலி பண்ணிட்டுப் போனவனுக்காகப் பழைய வீட்டுல பாய் விரிச்சு வச்சிருப்பாவளா?

கடைசியா ஒண்ணு, இது உனக்கு மட்டும். இவனை டென்வரை விட்டு அனுப்பின பெரியவரு யாருன்னு நினைக்கே? ஜான் எல்வே. அவரும் மட்டை பிடிச்சவருதான்! 1982-ல நியூயார்க் யாங்கீஸோட சின்ன அணியில, ஒனியாண்டாவுல, .318 அடிச்சாரு. 1983-ல பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை முதல் ஆளா எடுத்துச்சு. அங்க போகப் பிடிக்கலை. ‘நான் பேஸ்பாலுக்கே போயிருவேன்’னு மட்டையைக் காட்டினாரு. அவுக பயந்து டென்வருக்குக் கைமாத்தி விட்டாவ. அங்க ரெண்டு சூப்பர் பவுல் ஜெயிச்சாரு. அதே மாதிரி கைலர் மர்ரேயை 2018-ல ஓக்லண்ட் பேஸ்பால் அணி ஒம்பதாவது ஆளா எடுத்துச்சு. 2019-ல ஃபுட்பால்காரன் முதல் ஆளா எடுத்தான். ஃபுட்பாலுக்கே போயிட்டான்.

ஆக, பேஸ்பால் மட்டையால அதிகம் சம்பாதிச்சவன், அதைக் காட்டினவன், சுத்தினவன் இல்ல. நீயும் மட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு, பழைய முதலாளி கண்ணுல படுற மாதிரி நாலு நாள் இங்கிட்டும் அங்கிட்டும் நட. கூப்பிட்டா பேரம் பேசு. கூப்பிடலைன்னா சங்கடப்படாம பஸ் ஏறு, நிசமாவே அடிக்கப் பழகு. ஆனா சன்னலோர சீட்டைக் கேக்காத. அது அந்த ஆயிரம் டாலர் பையனுக்கு.