முகாமுக்குப் போகும் பிள்ளையும் மூட்டை கட்டும் வீடும்: குத்துக்கல்வலசைப் பாலைத்திணை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கோடை விடுமுறை தொடங்கியதும் தென்காசி வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்கு ஒரு தாள் வந்து சேர்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் கையில் திணிக்கப்படும் இத்தாளின் தலைப்பு ‘வாலிபர் முகாம்’. இடம் குற்றாலம். மூன்று நாள். கொண்டுவர வேண்டியவை: வேதாகமம், நோட்டு, பேனா, தட்டு, டம்ளர், போர்வை, மாற்றுத்துணி. கொண்டுவரக் கூடாதது: செல்போன். கடைசியில் பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு.

குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலத்துக்கு அப்பாவின் டி.வி.எஸ். 50 ரிசர்வில் ஓடினாலும் போய்த் திரும்பிவிடலாம். ஆயினும் தாள் வந்த நாள் முதல் வீட்டில் நடப்பவை யாவும் கப்பல் பயணத்துக்கு உரியவை. தூரம் இத்துணைச் சிறிதாயிருக்க, ஆயத்தம் இத்துணைப் பெரிதாவது ஏன்? இதுவே ஆய்வுச் சிக்கல். முகாமுக்கு ஆயத்தப்படுத்த வேண்டியது பிள்ளையை அன்று, வீட்டையே என்பது கருதுகோள்.

2. வரலாற்றுப் பின்புலம்

பிள்ளைகளை வீட்டிலிருந்து வெளியே கூட்டிவந்து வேதம் சொல்லும் வழக்கத்துக்கு நெடிய மரபு உண்டு. 1868இல் வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று மணலில் எழுத, பிள்ளைகள் அதைச் சிப்பியாலும் கடற்பாசியாலும் அலங்கரித்தார்கள். 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் அம்மையார், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர்க்கடையின் அறையை வாடகைக்குப் பிடித்து விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினார். நம் ஊர் வி.பி.எஸ்.ஸின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அந்த மணலுக்கும் அந்தக் கடைக்கும் பிள்ளைகள் என்ன மூட்டையோடு வந்தார்கள் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. மூட்டையே வரவில்லை என்று கொள்க.

தமிழ்நாட்டுச் சான்று இன்னும் கூரியது. 1705இன் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பலேறிய மிஷனரி சீகன்பால்க், ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24கூட நிறைந்திருக்கவில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் ஊர் திரும்பவேயில்லை. வந்தவர்கள் கதை இருக்கட்டும். அனுப்பியவர்கள் கதையைப் பார்ப்போம். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, பாஷை தெரியாத தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பிய சபை இது. அந்தச் சபையின் கொள்ளுப்பேரன் மூன்று நாள் குற்றாலம் போவதற்குத்தான் வீட்டில் தூக்கம் கெடுகிறது.

3. திணை வகைப்பாடு

பிரிவும் பிரிவின் நிமித்தமும் பாலைக்கு உரியவை. பாலைக்குப் பெரும்பொழுது வேனில்; சிறுபொழுது நண்பகல். முகாமுக்கு வேன் வருவது மே மாத மத்தியானம். மேலும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டுவது. குறிஞ்சியாகிய குற்றாலத்தில் சாரல் இறங்குவது ஜூனில், பள்ளி திறப்பதும் ஜூனில். ஆகவே அருவியில் ஆள் குளிக்குமளவு தண்ணீர் விழும் காலத்தில் பிள்ளை வகுப்பில் இருப்பான். அவன் போகும் மே மாதத்துக் குற்றாலம் பெரும்பாலும் பாறை காட்டி நிற்கும். நிலம், பொழுது, ஒழுக்கம் மூன்றும் பொருந்துவதால் முகாம் பாலைத்திணையே. இதில் துறை ‘நற்றாய் இரங்கல்’. இரங்கும் நற்றாய் கையில் முறுக்கு டின் இருக்கும் என்பதொன்றே சங்கப் புலவர்கள் சொல்லாமல் விட்டது.

4. விதிகள்

மூட்டை விதி: பையின் எடை அம்மாவின் பயத்துக்கு நேர்விகிதத்திலும், பிள்ளை எடுத்துப் பயன்படுத்தும் பொருளுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். தூரத்துக்கும் எடைக்கும் தொடர்பில்லை. இதற்குச் சான்றாகும் உரையாடல் பின்வருமாறு:

“எல, ஸ்வெட்டரையும் வையி. ராத்திரி குளிருமுல்லா.”

“மே மாசத்துல எங்கம்மா குளிரு?”

“குற்றாலம்லா!”

இவ்வாறே கோடாலித் தைலம், ஓமவாட்டர், பாராசிட்டமால், முந்திரிக்கொத்து ஆகியன உள்ளே புகும். முந்திரிக்கொத்து பிள்ளைக்கன்று. “எல்லாத்துக்கும் குடுத்துச் சாப்பிடு” என்பது உத்தரவு. டின் காலியாகத் திரும்பினால் அம்மாவின் கைப்பக்குவம் சேகரம் முழுதும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகும்.

தட்டு விதி: வீட்டிலிருந்து போன தட்டு வீட்டுக்குத் திரும்பாது, அதற்கீடாக வேறொரு தட்டு வரும். நம் வீட்டுத் தட்டில் பிள்ளையின் பெயர் இருப்பதில்லை. அம்மாவின் கல்யாணத்துக்கு மொய் செய்தவரின் பெயரே வெட்டப்பட்டிருக்கும். முகாமின் கடைசி நாளில் ஓர் அண்ணன் எஞ்சிய தட்டுகளைத் தூக்கிப் பிடித்துப் பெயர் வாசிக்கையில், அவை தம் அத்தை மாமன் பெயர் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. இவ்வகையில் முகாம், திருமணப் பரிசுகளைச் சபைக்குள் மறுபங்கீடு செய்யும் ஏற்பாடாகவும் விளங்குகிறது.

செல்போன் விதி: செல்போனுக்குத் தடை பிள்ளைக்கு, தண்டனை பெற்றோருக்கு. பிள்ளை முதல் நாள் மாலைக்குள் போனை மறந்து கைப்பந்து ஆடப் போய்விடுவான். அம்மாவோ பொறுப்பாளர் எண்ணுக்கு அழைப்பார்: “பிரதர், அவன் சாப்ட்டானா?” எந்த ‘அவன்’ என்று கேட்கும் துணிவு பிரதருக்கு இராது. எல்லா அவனும் சாப்பிட்டாயிற்று என்பது அவர் மறுமொழி. இரவில் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வரும். அறுபது தலைகளில் நம் தலையைப் பெரிதாக்கித் தேடிக் கண்டபின், “மெலிஞ்சுட்டான்” என்று ஆச்சி தீர்ப்பளிப்பார். பிள்ளை வீட்டைவிட்டுப் போய் அப்போது ஆறு மணி நேரம் ஆகியிருக்கும்.

கையெழுத்து விதி: ஆண்பிள்ளையின் தாள் அப்பாவின் பேனாவோடு முடியும். பெண்பிள்ளையின் தாள் பெரியப்பா, மாமா, ஆச்சி என மூன்று வீடு ஏறி இறங்கும். அக்காமார் கூடத் தங்குவார்களா, கதவுக்குக் கொண்டி உண்டா, குளியலறை எந்தப் பக்கம், அய்யர் வீட்டம்மா வருகிறார்களா என்று நான்கு கட்ட விசாரணை நடக்கும். அப்படியும் “வயசுக்கு வந்த புள்ளய ராத்தங்க விடணுமா?” என்று ஒரு குரல் எஞ்சி நிற்கும். அதே குரல், ப்ளஸ் டூ முடிந்ததும் அவளை நர்சிங் படிக்க வேலூருக்கு அனுப்பும். படித்து முடித்ததும் துபாய்க்கு விசா வந்ததா என்று வாரந்தோறும் கேட்கும். மூன்று நாளுக்கு நடுங்கும் குடும்பம் முப்பது ஆண்டுக்கு நடுங்காதது ஏன் என்பதற்கு, சம்பளம் என்ற ஒற்றைச் சொல்லன்றி வேறு விடை கிட்டவில்லை.

5. மறுப்பும் அமைதியும்

‘பயம் எல்லாம் வீண்’ என்று இவ்வாய்வு சொல்வதாகக் கொள்வோர் பிழைபட உணர்ந்தார். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. வறண்ட பாறைமேல் கணத்தில் வெள்ளம் இறங்கும். இங்கே பகடிக்கு இடமில்லை. ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: அருவிக்குக் கூட்டிப் போவீர்களா, தடை போட்டிருந்தால் திரும்பி வருவீர்களா, பிள்ளைகளை எண்ணுவது யார், இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி இருக்கிறதா, பிள்ளைகளோடு தனியே இருப்பவர் யார் யார். வியப்பு என்னவெனில், ஸ்வெட்டருக்கு அரை நாள் விவாதம் நடத்தும் வீடுகளில் இக்கேள்விகள் பலவும் எழுவதில்லை. தாளில் கோடு காட்டிய இடத்தில் கையெழுத்து விழுந்துவிடும். பயம் குறைவன்று, போய்ச் சேரும் விலாசம்தான் தவறு.

6. முடிவும் பரிந்துரைகளும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பிள்ளை ஆயத்தமாகவே இருக்கிறான். தாள் வந்த அன்றே ஆயத்தம். இரண்டு ஜோடித் துணியும் ஒரு வேதாகமமும் அவனுக்குப் போதும். அவனுக்கு வேண்டியது, யாரும் ‘சாப்ட்டியா’ என்று கேட்காத மூன்று நாள். ஆகவே:

ஒன்று, பையைப் பிள்ளையே கட்டுக. மறந்ததைக் கடன் வாங்கட்டும். முகாமில் சிநேகிதம் பல் பசையில்தான் தொடங்குகிறது.

இரண்டு, தட்டில் பிள்ளையின் பெயரை வெட்டுக. அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுக.

மூன்று, மேற்சொன்ன பாதுகாப்புக் கேள்விகளைக் கையெழுத்துக்கு முன் கேட்டுமுடிக்க. கையெழுத்துக்குப் பின் போன் அடிக்காதிருக்க.

நான்கு, ‘ஜெபிக்கிறோம்’ என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பியவர்கள் அதைச் செய்க. அது பொறுப்பாளரின் போன் சார்ஜைத் தின்னாது.

ஐந்து, திரும்பி வந்த பிள்ளையிடம் “என்ன சாப்பாடு போட்டாங்க?” என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்க. முதல் கேள்வி எதுவாயிருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதைக் கண்டறிந்த பெற்றோர் எவரேனும் தென்காசி மாவட்டத்தில் இருப்பின், அடுத்த மே மாதம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, மற்றப் பெற்றோருக்கு மூன்று நாள் முகாம் நடத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். செல்போன் கொண்டுவரக் கூடாது.