கழுதைக்குத் தெரிஞ்ச கணக்கு

வா பேராண்டி, உக்காரு. திண்ணையில உனக்கு இடம் இருக்கு. முதுகுல கட்டிக்கிட்டு வந்திருக்கியே ஒரு மூட்டை, அதுக்குத்தான் இடம் பத்தாது போல. மலையில ஒத்தையடிப்பாதை போடவும் பராமரிக்கவும் பழகணும்னு வந்திருக்கியாக்கும். நல்ல சோலிதான். காலுல மாட்டியிருக்கிற பூட்ஸு எம்புட்டு? ஆறாயிரமா? அதை முன்பணமாக் குடுத்து ஒரு கழுதைய வாங்கியிருந்தா, இந்நேரம் பாதிப் படிப்பு முடிஞ்சிருக்கும்.

சிரிக்காத. கொடைக்கானலுக்கு ரோடே இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சு. 1845ல அமெரிக்கப் பாதிரிமாருக அங்க மொதமொத ரெண்டு பங்களா கட்டுனாக. துரைமாரு நாற்காலியில உக்காந்து ஏறுனாக, நம்ம ஆளுக அந்த நாற்காலியத் தூக்கிக்கிட்டு ஏறுனாக. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்புல இருந்து ஏறுற பாதைக்கு ‘கூலி காட்’னே பேரு விழுந்துச்சு. வத்தலக்குண்டு வழியா ரோடு பின்னாடிதான் வந்துச்சு, அதுக்கு ‘லா’ன்னு ஒரு துரையோட பேரு. ரோட்டுக்கு இன்ஜினியரு பேரு, பாதைக்குச் சுமந்தவன் பேரு. அந்த மட்டுக்கும் கணக்கு நேராத்தான் இருக்கு.

இப்பக் கழுதைக்கு வருவோம். பொதி ஏத்துன கழுதைய மலையில அவுத்து விட்டா, நேரா உச்சியப் பாத்து ஏறாது. அங்கிட்டு வளைஞ்சு, இங்கிட்டு வளைஞ்சு, மூச்சு வாங்காமப் போயிச் சேரும். அது சோம்பேறித்தனம்னு நெனச்சியா? உங்க புத்தகத்துல பத்து சதவீதம்னு போட்டிருப்பானே, அந்தக் கணக்குத்தான். பத்தடி நடந்தா சராசரியா ஒரு அடிக்கு மேல ஏறப்படாது. இன்னொரு கணக்கும் உண்டு. மலைச்சரிவு எம்புட்டோ, அதுல பாதிக்கு மேல பாதை ஏறப்படாது. மீறி ஏறுனா, குறுக்க கடந்து போக வேண்டிய தண்ணி, ‘அட, நமக்குன்னு வாய்க்கா வெட்டியிருக்கானுகளே’ன்னு பாதையோடவே ஓட ஆரம்பிச்சிரும்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. இருபத்திரண்டு வயசுல நானும் உன்ன மாதிரி பெரிய புத்திசாலி. மேல எங்க பலாத் தோப்புக்குச் சுத்திச் சுத்திப் போறது பிடிக்காம, நேரா ஒரு குறுக்குவழி வெட்டினேன். ஊரே மெச்சுச்சு. அந்த ஐப்பசி அடைமழையில அது முழங்கால் பள்ளமாச்சு, மறுவருசம் இடுப்பளவு. மூணாம் வருசம் எங்க மாமா அதுக்குள்ள நின்னுக்கிட்டு வெத்தல போட்டாரு. மேல இருந்து பாத்தா தலப்பா மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. செத்துப் போற வரைக்கும் அதை ‘மாப்ள வெட்டுன ஆறு’ன்னுதான் சொன்னாரு.

நீதான் போன்ல காட்டுன, அமெரிக்காவுல அப்பலாச்சியன் பாதைன்னு ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், பெரும்பாலும் தன்னார்வலருக பாத்துக்கிறாகன்னு. அங்க நியூ ஹாம்ப்ஷயர் மலையில பழைய ஆளுக நேரா உச்சிக்கே பாதை விட்டுட்டுப் போயிட்டாக. இன்னைக்கு அவுக பேரப்பிள்ளைக கல்லத் தூக்கித் தூக்கிப் படி கட்டிக்கிட்டு இருக்காக. அதைப் பாத்ததும் மனசு லேசாயிருச்சு. கிறுக்கன் நான் ஒருத்தன் மட்டுமில்ல.

சரி, அந்தச் சட்டைப்பையில ஊசியும் டிகிரியுமா ஒரு கருவி வெச்சிருக்கியே, அதை உள்ள வை. ஒரு எலுமிச்சம்பழம் எடு. பாதை நடுவுல வெச்சு விடு. பள்ளத்துப் பக்கமா உருண்டு வெளிய போச்சுன்னா பாதை நல்ல பாதை. பாதையோட நீளத்துக்கு உருண்டு போச்சுன்னா நீ போட்டது கால்வா. அங்கனயே நின்னுச்சுன்னா சேறு. மூணடி அகலப் பாதைக்கு வெளிவிளிம்பு ரெண்டு அங்குலம் தாழ்ந்து இருந்தாப் போதும், நடக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. தண்ணிக்கு மட்டும் தெரியும். அப்புறம் நாப்பது அம்பதடிக்கு ஒருக்கா, ஏறுற பாதை சித்த இறங்கித் திரும்ப ஏறணும். அந்தக் குழிவுலதான் தண்ணி பாதைய விட்டு வெளிய போகும்.

வெட்டுற முறையிலதான் உங்க டவுனு கைக ஏமாத்தும். சரிவுல பாதி அகலம் வெட்டிட்டு, வெட்டுன மண்ணையே வெளிய கொட்டி அது மேல மீதிப் பாதைய நீட்டுவீக. கடன் வாங்கிச் செஞ்ச கல்யாணம் மாதிரி, பாக்க அகலமா இருக்கும், ஒரு மழைக்குத் தாங்காது. முழு அகலத்தையும் மலைக்குள்ளயே வெட்டு. மேல கெடக்கிற சருகு, மக்குன மண்ணை வழிச்சு எடுத்துட்டு, அடிமண்ணு தெரியிற வரைக்கும் போ. வெட்டுன மண்ணைத் தூரமாச் சரிவுல விசிறி எறி. விளிம்புல வரப்பாக் குவிக்காத.

அந்த வரப்பு இருக்கே, அது தானாவும் வளரும். நடக்க நடக்க நடுப்பாதை அமுங்கும், ஓரத்துல மண்ணு சேரும். போன மாசம் வந்த பிள்ளைக அதைப் பாத்துட்டு, ‘தாத்தா, விழாம இருக்கத் தடுப்புச் சுவரு’ன்னாக. பராமரிப்புன்னா பாதி வேலை, அந்தச் சுவத்த மம்பட்டியால வழிச்சுத் தள்ளுறதுதான். போட்டோவுல நல்லா வராத வேலை, அதான் ஆளு கெடைக்க மாட்டேங்குது.

சிமென்ட் படியப் பத்திக் கேக்காத. ஒரு காண்டிராக்டரு எங்க கோயில் பாதையில கட்டுனாரு. மழைக்காலத்துல அது அருவி, கோடையில அதுக்கு அடியில பாம்பு. கல்லுப்படிதான் வைக்கணும்னா கீழ இருந்து ஆரம்பி. மேல் கல்லு கீழ்க்கல்லு முதுகுல ஏறி உக்காரணும். கல்லுல பெரும்பகுதி மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கணும். ஏறி நின்னு குதிச்சுப் பாரு. டொக்குன்னு ஆடுனா தோண்டி எடுத்துத் திரும்ப வை. ரோசப்படாத.

கொண்டை வளைவுல உங்காளுக குறுக்க இறங்குவாக, அது ரத்தத்துல உள்ளது. போர்டு வெச்சா அது மேலயே சட்டையக் காயப் போடுவாக. அந்தக் குறுக்குல உண்ணிமுள்ள வெட்டிப் போடு, ரெண்டு பாறாங்கல்ல உருட்டி விடு. முள்ளு சொன்னா எல்லாரும் கேப்பாக.

ஒண்ணு மட்டும் விளையாட்டுக்குச் சொல்லல. வனத்துறைக்காரக அனுமதி இல்லாம ஒரு கொப்பக்கூடத் தொடாத. 2018ல குரங்கணி மலையில காட்டுத்தீயில சிக்கி உசுரு போனது உன் வயசுப் பிள்ளைக. அதுக்கப்புறம் மலையேத்தத்துக்கு விதி போட்டு, 2024ல தமிழ்நாடு முழுக்க 40 பாதையத் தெறந்து விட்டிருக்காக. போற ஆளு கூடக்கூடப் பாதைக்கு வேலையும் கூடும், உன் படிப்புக்குப் பஞ்சம் வராது.

மேக்க பாத்தியா, இருட்டிக்கிட்டு வருது. இதான் பள்ளிக்கூடம் தெறக்கிற மணி. மம்பட்டிய இங்கயே வெச்சுட்டுக் கெளம்பு, குடையும் வேணாம், குடை பிடிச்சவன் குடையத்தான் பாப்பான். மழை பெய்யும்போதே மெள்ளப் பாதையில நட, இடி இடிச்சா ஓடியாந்துரு. தண்ணி எங்க உள்ள வருது, எங்க ஓடுது, எங்க நிக்குதுன்னு மூணையும் பாத்து வெச்சுக்க.

வந்ததும் தலையத் துவட்டிக்கிட்டு அந்த மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் வா. கெணத்தடியில இருந்து மாட்டுக்கொட்டம் வரைக்கும் பாதை, நான் போட்டதுதான். மூணு வருசமாத் தண்ணி தேங்கி நிக்குதுன்னு உங்க அப்பத்தா வையுறா.