குருவி பாக்கப் போற சீமான்

என்னப்பு, பாளையம்பட்டிக் காட்டுக்குள்ள இம்புட்டுச் சோடனையா? பச்சையும் பழுப்புமாத் திட்டுத்திட்டாச் சட்டை. கழுத்துல பைனாகுலர். தோள்ல ஒரு முழத்துக்கு லென்சு. பட்டாளத்துக்கா போற? குருவி பாக்கத்தானே?

இது கரிசக்காடு ராசா. பச்சைச் சட்டை போட்டு ஒளிஞ்சுக்கிட இங்க பச்சை எங்க இருக்கு? வேலிக்கருவையும் வெடிச்ச மண்ணுந்தான். ஒன்னைய அரை மைலுக்கு அங்கிட்டே பாத்துட்டு ஆக்காட்டி ஊரக் கூட்டிருச்சே, காதுல விழலையா?

வந்து கால்மணி நேரங்கூட ஆகல, "தாத்தா, எனக்கு அதிர்ஷ்டமே இல்ல"ங்கிற. அடேயப்பா! அதிர்ஷ்டம் என்ன அருப்புக்கோட்டை பஸ்ஸா, நீ கை காட்டுனதும் நிக்க?

காட்டுல நடக்கிறதச் சொல்றேன், கேளு. மரம் மொட்டையா நிக்கும். ஒரு குஞ்சு இருக்காது. திடீர்னு தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகப் பெரட்டிக்கிட்டு வரும். கூடவே கரிச்சான் வரும், தையல்சிட்டு வரும், இன்னும் பேரு தெரியாத பொடிசுகளும் வரும். கீழ இருக்கிறவன் பெரட்டுவான். மெரண்டு பறக்குற பூச்சிய மேல இருக்கிறவன் கவ்வுவான். அம்புட்டுக் கண்ணு இருந்தா, வல்லூறு வர்றப்ப ஒருத்தனாவது கத்துவான்ல? அதான் கூட்டா மேயுதுக. கொஞ்ச நேரந்தான். அடுத்த மரத்துக்குப் போயிருங்க. அந்தக் கொஞ்ச நேரத்துல நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த? லென்சத் தொடச்சுக்கிட்டு இருந்த!

பெறகு போன எடுத்த. தையல்சிட்டுச் சத்தத்த அதுல போட்டுவிட்ட. பாவம், ஆம்பளக் குருவி பதறி அடிச்சுக்கிட்டு வந்துச்சு. எவனோ தன் எடத்தப் பிடிக்க வந்துட்டான்னு அதுக்கு நெனப்பு. ஒங்க வீட்டு வாசல்ல எவனோ நின்னு "இது என் வீடு"ன்னு ராப்பகலாக் கூவுனா ஒனக்குச் சோறு எறங்குமா? அதப் படம் பிடிச்சுப்போட்டு "எனக்காக வந்துச்சு"ன்னு வேற பீத்திக்கிற.

சும்மா இருக்கச் சொன்ன ரமணரு பொறந்தது எங்க? இந்தா இருக்கிற திருச்சுழியில, 1879-ல. அந்த மண்ணுல வந்து இந்தக் குதி குதிக்கிறியே, ஒனக்கே நல்லாருக்கா?

ஆறுமணிக்குருவிதான் வேணும்ங்கிற. சரி. முதுகு பச்சை, றெக்கையில நீலம், வாலுக்கு அடியில செவப்பு. ஆசைப்படத் தக்க சீவன்தான். வடக்க குஞ்சு பொரிச்சுட்டுக் குளிருக்கு இந்தப் பக்கம் வருது. ராத்திரியில பறக்குது. அலுத்துப்போயி எவ வீட்டு முத்தத்துலயாவது பொத்துன்னு விழும். வெள்ளன வாசத் தெளிக்க வந்தவ அத எடுத்துக் கூடைய வச்சுக் கவுத்துவா. லென்சு வாங்கக் கடன் வாங்குனவன் முள்ளுக்குள்ள கெடப்பான். இதுக்கு என்ன நியாயம் சொல்லுவ? நியாயம் கெடையாது. அதுதான் அசல் அதிர்ஷ்டம்.

ஆனா எல்லாத்தையும் அதிர்ஷ்டத்துத் தலையில கட்டீராத. ஆந்திராவுல கடப்பைப் பக்கம் நடந்தது தெரியுமா? ஜெர்டான்ங்கிற வெள்ளைக்காரர் பேரச் சொமக்குற கல்குருவி ஒண்ணு. 1900-க்கு அப்புறம் எவன் கண்ணுலயும் படல. பெரிய பெரிய பறவைக்காரங்கல்லாம் தேடுனாங்க. பெரும்பாலும் பகல்லதான் தேடிருக்காங்க. இனி இல்லவே இல்லன்னு முக்காவாசிப் பேரு முடிவு கட்டிட்டாங்க. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துல இருந்து பாரத் பூஷண்னு ஒருத்தர் வந்தாரு. கெட்டிக்காரர். பொஸ்தகத்த மூடிவச்சுட்டு ஊர்க்காரங்ககிட்டப் படத்தக் காட்டி விசாரிச்சாரு. 1986 சனவரியில ஐத்தண்ணான்னு ஒரு வேட்டைக்காரன் ராத்திரி டார்ச்சு வெளிச்சத்துல அதப் பிடிச்சுட்டான். எம்பத்தாறு வருசம் கழிச்சு! அது ராத்திரிப் பறவை அப்பு. ராத்திரி நடமாடுறவன் கையில ராத்திரிப் பறவை அம்புடுறது அதிர்ஷ்டமா? பகல்ல தேடுனவன் கையில அம்புட்டிருந்தா அதச் சொல்லு அதிர்ஷ்டம்னு.

நம்மூருலயும் ராத்திரி காட்டுல ஆட்டுக்கெடை போடுற கீதாரி இருக்கான். ஒங்க கூட்டத்துல எவனாவது அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கானா? அவனுக்கு லத்தீன் பேரு தெரியாதுன்னுதானே எளக்காரம்?

இந்தப் பொங்கலுக்கும் தமிழ்நாடு பூராப் பறவை எண்ணுவாங்களாம். 2015-ல இருந்து நடக்குது. காக்காயும் மைனாவும் விடாம எழுதணுமாம். அதக் கேட்டதும் உன் மூஞ்சி சுருங்குது பாரு. காக்கா ஒனக்குக் கவுரவக் கொறச்சலோ?

சரி, பொங்கலன்னைக்கு வெள்ளன வா. அந்தச் சட்டையக் கழட்டி வீட்டுல போடு. வெயிலேற ஏறத் தண்ணி தவிக்கும். மாட்டுத்தொட்டி ஓரம் நெழல்ல குத்தவச்சுக்குவோம். சின்னதுக அங்க எறங்கும். வர்றப்பப் பஸ் ஸ்டாண்டுல நாலு வடை வாங்கிட்டு வா. குருவி வந்தா உன் அதிர்ஷ்டம். வராட்டி வடை என் அதிர்ஷ்டம்.