மாடிமேல் ஓர் அறை: வீராம்பட்டினத்துக் கோட்டியலுக்கு ஒரு முன்னுரை

கோடு என்பது அகலமற்ற நீளம் என்றார் யூக்ளிட். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர். அங்கேயும் கடல் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைதான் கிடையாது. அதனால் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் வீராம்பட்டினத்துக்கு அவருடைய வரையறை பொருந்தி வரவில்லை. இவ்வூர்க் கோடுகளின் நீளம் ஊராருக்குத் தெரியாது. அகலம் நன்றாகத் தெரியும்: ஒரு குடும்பம்.

ஆய்வுப் பொருள் மிகச் சிறியது. ஒரு மீனவர் வீடு. மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை போட வேண்டும். அந்த அறை எங்கே இருக்கிறது? கொத்தனாரைக் கேட்டால் மாடியில் என்பார். அது கட்டடவியல் விடை. கோட்டியலார் அதை ஏற்பதில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து அந்த அறை எத்தனை மீட்டர், ஆற்றுக் கோட்டிலிருந்து எத்தனை, தொல்லியல் கோட்டிலிருந்து எத்தனை என்று அளந்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் அறை என ஒன்று உண்டு. இல்லாவிட்டால் செங்கல், சிமென்ட், மருமகள் எல்லாம் இருந்தும் அறை இல்லை.

இத்துறையின் மிகப் பழைய சான்று 1734ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீராம்பட்டினத்தில் ஊர்க்காரர்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவ்வாண்டில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் தகவல் போயிற்று. ஊரை ஒட்டிய ஆற்றங்கரைத் தொல்லியல் மேடான அரிக்கமேட்டைப் பற்றிய முதல் குறிப்பு இது என்று வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுகிறார்கள். கோட்டியலாராகிய நாங்கள் இதை வேறுவிதமாக வாசிக்கிறோம். ஊர்க்காரன் செங்கல் எடுக்கிறான். செங்கல்லைக் கோலி விளையாட எவனும் எடுப்பதில்லை. உடனே ஒருவர் மேலிடத்துக்கு எழுதிப்போடுகிறார். இரண்டு பழக்கத்துக்கும் முந்நூறு வயது ஆகப்போகிறது.

அதே ஆற்றங்கரை இடிபாடுகளைக் குறித்துவைத்த இன்னொருவர் லெ ஜான்டீல் என்னும் பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761இல் நிகழ்ந்த கடப்பை ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் மாதம், குறித்த காலையில், புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்ததும் வெயில் அடித்தது. 1771இல் பிரான்சு திரும்பியபோது அவர் செத்துப்போனதாகக் கணக்கு எழுதி, அறிவியல் அகாதெமியில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் எதற்காவது காத்திருப்போரின் குலமுதல்வர் இவரே என்று இக்கட்டுரை முன்மொழிகிறது. அனுமதி வருவதற்குள் மனுதாரர் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீங்கிப்போவது இங்கே புதிய நிகழ்வு அன்று.

1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். ஆற்றோரத்தில் கிடைத்த நீண்ட செங்கல் கட்டடத்தைக் கிடங்கு என்றார். ரோம நாட்டுத் தட்டும் சாடியும் வந்திறங்கிய துறை என்றார். பின்னால் வந்த அறிஞர்கள் அதில் சிலவற்றை மறுத்தார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஓதம் ஏறி இறங்கும் ஆற்றின் கரையோரமாக, தண்ணீரை ஒட்டி, அனுமதியின்றி எழுப்பிய வணிகக் கட்டடம் அது. இன்றைக்கு யாராவது கட்டினால் மறுநாளே நோட்டீசு ஒட்டியிருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்ததால் நிலைமை தலைகீழாகிவிட்டது. மையத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. விதியை மீறியவரே விதியாகிவிடுவது இவ்வாறு. மாடியறைக்காரர் பொறுமையாக இரண்டாயிரம் ஆண்டு இருந்து பார்க்கலாம்.

இனி முதன்மைக் கோட்டுக்கு வருவோம். ஓதம் மிகும் நாளில் தண்ணீர் எட்டும் உச்ச எல்லை எதுவோ அதுவே உயர் அலைக் கோடு. அங்கிருந்து 500 மீட்டர் வரை ஒழுங்குமுறை மண்டலம் என்றது 1991 பிப்ரவரி 19ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கை. கிராமக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், பெருக்கக் கூடாது.

அஃதேல் இவ்விதி தீதோ எனின், அன்று. கரையை ஓட்டல்காரர்கள் வளைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் போட்ட விதி இது. 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியையும் 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலையும் பார்த்த ஊருக்குக் கடலுக்கு அருகே கட்டினால் என்ன ஆகும் என்று எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஓர் ஐயம் எழும்: ஓட்டலுக்காகப் போட்ட வேலியில் முதலில் மாட்டியது ஏன் மீனவர் வீட்டு மாடிப்படி? ஓட்டலிடம் வக்கீல் இருக்கிறார் என்பதே இதற்கு உரையாசிரியர் தரும் விடை.

கோடு நிலையானது என்று எண்ணுவோர் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் கடைசியில் இரண்டு கல் அணைகளைக் கடலுக்குள் நீட்டிப் புதுவைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அணை அதை மறித்தது. தெற்கே, வீராம்பட்டினத்துப் பக்கம், மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து, ஒரு காலத்தில் மணலில் நடந்த இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டிவைக்க நேர்ந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடுவதற்கும் திட்டம் இருந்தது. திட்டத்தில் அணை வந்தது, மணல் எடுப்பது மட்டும் சரியாக வரவில்லை. பல ஆண்டு கழித்துத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகே அங்கே கொஞ்சம் மணல் திரும்பியது.

இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: அரசு கட்டினால் கோடு நகரும், குடிமகன் கட்டினால் கோடு நகராது. கடலையே தள்ளிவைத்த கட்டுமானத்துக்குச் சூழல் விளக்கம் எழுத ஆட்கள் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறை கடலுக்கு என்ன செய்துவிடும் என்று விளக்க ஆள் இல்லை. வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கோடு எங்கே என்று கேட்டபோது, "அலை தொட்டுட்டுப் போற எடந்தான் தம்பி. அது நேத்து அங்க இருந்துது, இன்னிக்கு இங்க இருக்குது. ஆபீசுல எங்க இருக்குதுன்னு ஆபீசுலதான் கேக்கணும்" என்றார். இத்துறையில் இதனினும் தெளிவான வாக்கியம் இதுவரை எழுதப்படவில்லை.

2011 ஜனவரி 6இல் வந்த இரண்டாம் அறிவிக்கை கொஞ்சம் இரங்கியது. மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களுக்கு 100 மீட்டருக்கும் 200க்கும் இடையில் வீடு கட்ட அனுமதிக்கலாம். அதற்கு அரசு அம்மக்களைக் கலந்து ஒரு முழுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றது. அனுமதி திட்டத்தில் தொங்குகிறது, திட்டம் கலந்தாலோசனையில் தொங்குகிறது. அத்தோடு கடல் மட்ட உயர்வையும் கரை மாற்றத்தையும் கணக்கிட்டு ஆபத்துக் கோடு ஒன்றையும் வரையச் சொன்னது. 2019 ஜனவரி 18இல் மூன்றாம் அறிவிக்கை வந்தபோது ஆபத்துக் கோடு பேரிடர் மேலாண்மைக்கான கருவி மட்டுமே, ஒழுங்குமுறைக்கு அதனோடு தொடர்பில்லை என்றாகிவிட்டது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியும். கட்டலாமா கூடாதா என்று சொல்ல அது பயன்படாது.

மூன்றாம் அறிவிக்கையின் பெருங்கொடை 2161 என்ற எண். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமக் கரைகளில் தடைப் பகுதி 50 மீட்டராகச் சுருங்கும். அவ்வளவு பேர் இல்லாவிட்டால் பழைய 200தான். அப்படியானால் இன்னும் இரண்டு பிள்ளை பெற்றால் மாடியறை கிடைத்துவிடுமே எனின், கிடைக்காது. கணக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. அறை வேண்டுமென்றால் பிள்ளை அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். இத்தனையும் புதிய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் செல்லும். அதுவரை பழைய வரைபடம், பழைய கோடு, பழைய ஒற்றை அறை.

இதே அறிவிக்கையில் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் படித்து மகிழும் பகுதி ஒன்று உண்டு. உள்ளூர் மக்கள், வீட்டின் தரைப்பரப்பையும் முகப்பையும் மாற்றாமல், சுற்றுலாப் பயணிகளை வீட்டில் தங்கவைக்கலாம். கடற்கரையிலேயே தற்காலிகக் குடில், கழிப்பறை, உடைமாற்றும் அறை ஆகியவற்றைச் சுற்றுலாவுக்காக அமைக்கலாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். ஆக, மருமகள் படுக்க அறை கட்ட முடியாத வீட்டில் பெங்களூர்க்காரர் வாடகைக்குப் படுக்கலாம். மகனைச் சுற்றுலாப் பயணியாகப் பதிவு செய்வது ஒன்றே சட்டப்படியான தீர்வு என்பது எம் துணிபு.

சரி, மனு போடலாம். யாரிடம்? கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், நகர அமைப்புக் குழுமம், தொல்லியல் துறை, வருவாய்த் துறை, அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து என்று வாசல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் அதிகாரி இருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த முகம் எதிலும் இல்லை. 1880லேயே பிரெஞ்சுக்காரர் கொம்யூன் வைத்து நகராட்சித் தேர்தல் நடத்திய மண் இது. அந்தத் தேர்தல்களின் தில்லுமுல்லு பேர்போனது. தில்லுமுல்லு செய்வதற்கும் ஒரு தேர்தல் வேண்டுமே என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006இல். லெ ஜான்டீல் எட்டு ஆண்டுக்கே பெயர் வாங்கிவிட்டார்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் ஆய்வு நிறைவுறாது. ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த மரபில் இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார், முதல்வர் வருகிறார், வடம் பிடிக்கிறார்கள். ஆண்டில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அரசு ஊருக்குள் வந்து, ஊரோடு சேர்ந்து, ஒரே திசையில் இழுக்கிறது. தேர் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடும். கோப்புக்கும் ஒரு வடம் கட்டிப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரைகளில் செலவு குறைந்தது.

2006இல் உள்ளாட்சிக்குத் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவித்து, தேதி குறித்து, தள்ளிவைத்தார்கள். அடுத்த தேதி அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். மாடியறைக்கான மனு எழுதி முடித்தாயிற்று. ‘பெறுநர்’ என்ற இடத்தில் மட்டும் பெயர் எழுத வேண்டியிருக்கிறது.