ஆட்கள் நீங்கலாக

பேர்போன மெஸ் ஒன்று கைமாறும்போது எழுதுகிற ஒப்பந்தம் போல நேர்மையான ஆவணம் உலகத்தில் கிடையாது. டில்டிங் கிரைண்டர் இரண்டு, தோசைக்கல் மூன்று, கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜ் ஒன்று, எவர்சில்வர் தட்டு 200, அதில் நசுங்கியது இத்தனை என்று எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கும். நசுங்கிய தட்டுக்கும் புது முதலாளி பணம் தருகிறார். இதையெல்லாம்விடப் பெரிய தொகை கடையின் பேருக்கு; பகடி என்பார்கள். அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்த மாஸ்டரும் சப்ளையரும் மட்டும் பட்டியலில் இல்லை. தட்டுக்கு பில் இருக்கிறது. மாஸ்டருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூட இல்லையே!

சாவி மாறுவதற்கு முந்தின வாரம் ஒரு சடங்கு. வியாபாரம் ஓய்ந்த மூன்று மணிக்கு ஒவ்வொருவராகக் கல்லாவுக்குக் கூப்பிடுவார்கள். "ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி." நீட்டுகிற தாளில், சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாகவும் தனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கும். தேதி போடும் இடம் காலி. 14 பேருக்கும் ஒரே நாளில் ஒரே சொந்தக் காரணம், அதுவும் ஒரே எழுத்துப்பிழையோடு!

தாளுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? அது இல்லாவிட்டால் சட்டம் உள்ளே வந்துவிடும். நிறுவனம் கைமாறினால், ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்றது 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு. 2020இல் வந்த தொழில் உறவுத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. கொடுக்க மனமில்லையென்றால் அதற்கும் வழி உண்டு: வேலை அறுபடாமல், சம்பளமும் சலுகையும் குறையாமல், பழைய சர்வீசுக்கும் பொறுப்பேற்று புதியவர் வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் ஆகாது என்பவர்களுக்குத்தான் அந்தத் தாள்.

22 வருஷம் தோசைக்கல்லின் சூட்டில் நின்றவருக்குக் கணக்குப் பார்த்தால் 330 நாள் சம்பளம் வருகிறது. கையில் கிடைத்தது அரை மாதச் சம்பளம், ஒரு வேட்டி, "நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற பட்டம். வீட்டுப் பிள்ளைக்கு விற்ற பணத்தில் பங்கு உண்டு. மாதிரிக்குக் கிடையாது.

கிராஜுவிட்டியா? பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் கடைக்குள் வரும்; ஒருமுறை வந்துவிட்டால் ஆள் குறைந்தாலும் வெளியே போகாது. ஆகவே நம் முதலாளிகளின் வருகைப் பதிவேட்டில் ஒன்பதுக்கு மேல் மனிதர் பிறப்பதில்லை. மீதி ஐந்து பேர் விருந்தாளிகள் போலிருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற அக்கா, பாவம், பத்து வருஷமாக விருந்துக்கு வந்துகொண்டிருக்கிறார்.

இனி முறையிட்டுப் பாருங்கள். "கடையே இப்ப என்னுதில்லையே" என்பார் பழையவர். "உங்களை வேலைக்கு வெச்சது நானில்லையே" என்பார் புதியவர். நஷ்டஈடு விற்றவர் பொறுப்பு, புதியவர் கட்டாயம் வேலை தரவேண்டும் என்பதில்லை என்று அனகாப்பள்ளி கூட்டுறவுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. விற்றவரோ பணத்தை எண்ணி வாங்கிய கையோடு நியூஜெர்சியில் பேரனுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு சம்மன் சார்வு செய்யப் போகிறவர் யார்?

இப்போது கடை வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள்: 'புதிய நிர்வாகம், அதே பாரம்பரிய ருசி.' உள்ளே சாம்பார் தண்ணீராக ஓடுகிறது. பகடி கொடுத்து வாங்கிய பேருக்குள் பொடியின் அளவு எழுதியிருக்கவில்லை போல. வெளியே அனுப்பிய மாஸ்டருக்கே போன் போடுகிறார் புது முதலாளி: "அண்ணே, வெந்தயம் எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு, கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொல்லிவிடாதீர்கள் மாஸ்டர். தொழிலாளர் அலுவலரின் மேஜைக்கு எதிரே இரண்டு முதலாளிகளையும் உட்காரவைத்து, 330 நாள் சம்பளமும் நோட்டீஸ் பணமும் கைக்கு வரட்டும். வெந்தயக் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அதற்கும் தனியாகக் காசு வாங்குங்கள்.