கறுப்பைக் கடைசியில் எடுங்கள்

கேள்வி: கேலக்ஸி பேக்கிரவுண்ட் போட உட்கார்ந்தேன். பிரபஞ்சம் பாதிகூட முடியவில்லை, கறுப்பு மார்க்கர் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கட்டுமா, பிரபஞ்சத்தைச் சின்னதாக்கிக்கொள்ளட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அடுத்த தாளில் வெளிர் ரோஜாவிலும் வெளிர் நீலத்திலும் தொடங்குங்கள். கறுப்பு கடைசியாக வரவேண்டிய நிறம், அதுவும் கொஞ்சமாக. காரணம் மையிலேயே இருக்கிறது. ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது ஆல்கஹாலில் கரைந்த சாயம். போஸ்டர் கலரில் உள்ளதுபோல அடியில் இருப்பதை மூடி மறைக்கும் தூள் அதில் கிடையாது. தாளில் பட்டதும் ஆல்கஹால் ஆவியாகிவிடும், சாயம் மட்டும் தாளின் இழைகளில் தங்கும். அறையின் வெளிச்சம் அந்தச் சாயத்துக்குள் புகுந்து, வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடியும் சாயத்தின் வழியாகவே வெளியேறி நம் கண்ணுக்கு வருகிறது. ஆக, படத்தில் ஒளிர்வதெல்லாம் தாளின் வெண்மைதான். நீங்கள் பூசும் ஒவ்வொரு பூச்சும் அந்த வெண்மையில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும், பறித்ததைத் திருப்பித் தராது. வெளிரில் தொடங்கினால் எப்போது வேண்டுமானாலும் அடர்த்தியாக்கலாம். கறுப்பில் தொடங்கியவருக்குத் திரும்பும் வழி இல்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். ஒளி எங்கே அதிகம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி வெளிர் ரோஜா, பக்கத்தில் வான்நீலம். ஈரம் காய்வதற்குள் மெஜந்தாவையும் இன்னும் அடர்ந்த நீலத்தையும் ஓரங்களில் சேர்த்து, இரண்டு நிறம் சந்திக்கும் எல்லையில் வெளிர் நிறத்தை மறுபடி ஓட்டுங்கள். புதிய ஆல்கஹால் பழைய சாயத்தைக் கரைப்பதால் எல்லை தானாக மங்கும். நேர்கோடாக இழுக்காமல் சின்னச் சின்ன வட்டமாகக் கையைச் சுழற்றுங்கள். காய்ந்துபோன ஓரத்தின் மேல் அடுத்த கோடு ஏறும் இடத்தில்தான் பட்டை பட்டையாகத் தெரியும். ஊதாவும் கருநீலமும் போட்டு முடித்த பிறகு, மூலைகளிலும் இரண்டு மூன்று கீற்றுகளிலும் மட்டும் கறுப்பு. அந்த அளவுக்கு ஒரு மார்க்கர் பல பிரபஞ்சங்களுக்குத் தாங்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டு வெள்ளை ஜெல் பேனாவால் வெளிச்சம் போட்டால் சீக்கிரம் முடியுமே? தப்பானால் பிளெண்டர் இருக்கவே இருக்கிறது.

பதில்: நட்சத்திரம் மட்டும் போதும் என்றால் உங்கள் வழி சரிதான். கூர்மையான புள்ளிக்கு ஜெல் பேனாவைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் கேலக்ஸி படத்தின் உயிர் நெபுலாவில் இருக்கிறது. அது ஓரமே இல்லாமல் மெல்ல மெல்ல மங்கும் ஒளி. வெள்ளை மை தாளின் மேலே ஒரு படலமாக உட்காரும், தன் வெண்மையை மட்டும் காட்டும். அதை எவ்வளவு தேய்த்துப் பரப்பினாலும் சுண்ணாம்பு பூசியதுபோலத்தான் தெரியும், உள்ளிருந்து வரும் ஒளியாகத் தெரியாது. அதன் மேல் மார்க்கரை ஓட்டி நிறமேற்றப் பார்த்தால் வெள்ளை கரைந்து நிப்பில் ஒட்டிக்கொள்ளும். படத்தோடு மார்க்கரும் கெடும்.

பிளெண்டரை அழிரப்பராக நினைக்காதீர்கள். அதில் சாயம் இல்லை, கரைக்கும் திரவம் மட்டுமே உண்டு. அது சாயத்தைத் தாளிலிருந்து எடுப்பதில்லை, பக்கவாட்டிலும் அடியிலும் தள்ளிவிடுகிறது. கறுப்பின் மேல் பட்டால் அழுக்குச் சாம்பலாக ஒரு கறைதான் மிஞ்சும். அதே திரவத்தில் ஒரு சொட்டை நடுத்தர நீலத்தின் மேலோ மெஜந்தாவின் மேலோ விட்டுப் பாருங்கள். நிறம் விலகி, விளிம்பில் அடர்ந்து, நடுவில் வெளிர்ந்து, கையால் வரைய முடியாத ஒரு மேகம் கிடைக்கும். அடியில் ஒளி மிச்சம் இருக்கும்வரைதான் பிளெண்டரால் அதை வெளியே கொண்டுவர முடியும். கறுப்புத் தாள் வாங்கி வேலையை இன்னும் சுலபமாக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இதுவே பதில்: அதில் கலர் பென்சில் தெரியும், போஸ்டர் கலர் தெரியும், மார்க்கரின் சாயம் தெரியவே தெரியாது.

கேள்வி: விண்வெளியே இருட்டுதானே? முதலில் இருட்டு, பிறகு ஒளி என்பதுதானே இயற்கையின் வரிசை?

பதில்: உங்கள் எதிர்ப்புகளில் இதுதான் வலுவானது. வானியலாளர்களையே நெடுங்காலம் குழப்பிய விஷயமும் இதுதான். பால்வீதியின் நடுவே ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் அவற்றைப் பார்த்து, வானத்தில் நட்சத்திரமே இல்லாத ஓட்டைகள் என்று கருதினார். எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் பால்வீதியைப் பல வருடங்கள் புகைப்படம் எடுத்து, 1919-இல் இப்படிப்பட்ட 182 கருந்திட்டுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவை ஓட்டைகள் அல்ல, பின்னால் உள்ள ஒளியை மறைத்து நிற்கும் தூசி மேகங்கள் என்பது அதற்குப் பிறகு உறுதியானது. பர்னார்ட் 33 என்ற எண்ணில் அதே பட்டியலில் இருப்பதுதான் புகழ்பெற்ற குதிரைத்தலை நெபுலா. 1888-இல் ஹார்வர்டில் எடுத்த புகைப்படத் தகடு ஒன்றில் அதை முதலில் கவனித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். ஒரையன் மண்டலத்தில், சுமார் 1,400 ஒளியாண்டு தொலைவில், சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜன் திரையின் முன்னால் அந்தக் கருமேகம் நிற்கிறது. பின்னால் சிவப்பு இல்லாவிட்டால் குதிரையே இல்லை.

கேலக்ஸி படங்களில் நம்மை ஈர்க்கும் கறுப்புக் கீற்றுகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஒளி பின்னால், இருள் முன்னால். வெளிர் நிறங்களைப் பரப்பிவிட்டு அதன் மேல் கறுப்பைக் கீற்றாக இழுக்கும்போது, வானத்தில் இருக்கும் அடுக்கைத்தான் தாளிலும் அடுக்குகிறீர்கள். எதுவுமே இல்லாத வெறும் இருட்டும் விண்வெளியில் நிறைய உண்டு என்று நீங்கள் சொன்னால், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மூலைகள் இருக்கின்றன. அங்கேயும் அடியில் கருநீலமோ ஊதாவோ போட்டு அதன் மேல் கறுப்பை ஏற்றினால் இருட்டுக்கு ஆழம் வரும். வெறும் கறுப்பு தட்டையாகவே நிற்கும்.

கேள்வி: பிசிக்ஸ் படிக்கும் என் மகள், “கேலக்ஸியில் ஊதாவும் கிடையாது, ரோஜாவும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை” என்கிறாள். ஊதா மார்க்கர் மூன்று வாங்கிவிட்டேனே!

பதில்: மூன்றையும் தைரியமாகப் பயன்படுத்துங்கள். மகள் சொல்வதில் பாதி சரி. 1995-இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறங்களை விஞ்ஞானிகளே ஒதுக்கினார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்ப்பதோ பெரும்பாலும் நம் கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு ஒளி. ஆனால் ரோஜா நிறம் யாரும் கண்டுபிடித்துச் சேர்த்தது அல்ல. சூடேறிய ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பையும் 486 நானோமீட்டரில் நீலத்தையும் உமிழ்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரோஜா. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசி, அந்த நட்சத்திரங்களின் ஒளியைச் சிதறடித்து நீலமாகத் தெரிகிறது. நம் கண்ணுக்கு இவை சாம்பலாகப் படுவதற்குக் காரணம், மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களால் நிறம் பிரிக்க முடியாது என்பதே. கேமரா நெடுநேரம் திறந்திருந்து சேர்த்துப் பார்க்கிறது. தாளில் ரோஜாவும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஊதா தானாகவே பிறக்கும். அதனால் ஊதா மார்க்கரை அந்தச் சந்திப்பில் மட்டும் போடுங்கள். தாள் முழுக்கப் பூசினால் மகள் ஜெயித்துவிடுவாள்.

இன்னொரு சான்றையும் அவளிடம் சொல்லுங்கள். 2002-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளேஸ்புரூக்கும் ஐவன் பால்ட்ரியும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் ஒளியைச் சேர்த்து, பிரபஞ்சத்தின் சராசரி நிறத்தைக் கணக்கிட்டார்கள். முதலில் வெளிர் பச்சைநீலம் என்று அறிவித்தார்கள், கணக்கில் இருந்த பிழையைத் திருத்திய பிறகு கிடைத்தது பாலேட்டின் வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை. சுருள் கேலக்ஸி வரைபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். வயதான நட்சத்திரங்கள் நெருங்கியிருக்கும் நடுப்பகுதிக்கு அந்தப் பாலேட்டு நிறம், இளம் நட்சத்திரங்கள் நிறைந்த கரங்களுக்கு நீலம், கரங்களின் மேல் ஆங்காங்கே ரோஜாத் திட்டுகள், கடைசியாகப் பழுப்பும் கறுப்புமான தூசிக் கீற்றுகள். மஞ்சளும் ஊதாவும் நேராகச் சந்தித்தால் சேறாகிவிடும், இடையில் ரோஜாவை வையுங்கள்.

கேள்வி: நான் நட்சத்திரம் வைத்தால் புள்ளிக் கோலம் மாதிரி வருகிறது. கம்பி இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

பதில்: கோலம் போட்டுப் பழகிய கை, இடைவெளியை அளந்தே வைக்கும். இங்கே அந்தத் திறமையைக் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். வானம் முழுவதிலும் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்கள் சுமார் 6,000. அவற்றில் முதல்தரப் பிரகாசம் உள்ளவை சுமார் 20. மங்கலானவை ஏராளம், பிரகாசமானவை அபூர்வம் என்ற இந்த விகிதம் தாளிலும் இருந்தால்தான் கண் நம்பும். வெள்ளை போஸ்டர் கலரைத் தண்ணீரில் சற்றே இளக்கி, பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டு, கட்டைவிரலால் தெறிக்கவிடுங்கள். சிறியதும் பெரியதும் தானே அமையும். ஜெல் பேனாவால் ஐந்தாறு மட்டும் பெரிதாக்கினால் போதும். திருவாதிரை போலச் செம்மஞ்சள், ரைஜல் போல நீலம் என்று ஒன்றிரண்டுக்கு மெல்லிய சாயல் தரலாம். பச்சை மட்டும் வேண்டாம், நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் நட்சத்திரம் கிடையாது. கூர்முனைகள் வரைவதாக இருந்தால் ஒரே கணக்கில் வரையுங்கள். அவை தொலைநோக்கியின் அமைப்பால் வருபவை: ஹப்பிளில் நான்கு, வெப்பில் பெரிதாக ஆறும் சிறிதாக இரண்டும். ஒரே படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நின்றால், ஒரே தொலைநோக்கியில் எடுத்த படமாக அது தோன்றாது.

கேள்வி: தாளில் வரைந்த கேலக்ஸி மேஜைவிரிப்பிலும் வந்துவிட்டது. வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

பதில்: ஜெராக்ஸ் தாளில் வரைந்திருப்பீர்கள். இந்த மை எந்தச் சாதாரணத் தாளையும் ஊடுருவும். மார்க்கர் பேப்பரோ வழவழப்பான பிரிஸ்டல் போர்டோ வாங்குங்கள், அடியில் இன்னொரு அட்டை வையுங்கள். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் மையைக் குடிக்கும், நிப்பையும் தேய்க்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம்.

கேள்வி: சாயம் வெளுத்துவிடும் என்கிறார்கள். வெளுக்கப்போகும் படத்துக்கு இவ்வளவு பொறுமை எதற்கு?

பதில்: வெளுக்கும் என்பது உண்மை. வெயில் நேராகப் படும் சுவரில் ரோஜாவும் ஊதாவும் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கலாம். ஆனால் இந்தக் கருவியின் பிறப்பைப் பாருங்கள். 1987-இல் ஜப்பானில் வந்த காபிக் மார்க்கரின் தனிச்சிறப்பே, நகலெடுத்த கோட்டுப் படத்தின் மேல் டோனர் கரையாமல் நிறம் தீட்டலாம் என்பது. வடிவமைப்பாளர்களும் மாங்கா ஓவியர்களும் அச்சுக்குப் போகும் படங்களுக்காக எடுத்த கருவி இது. அந்தப் படங்கள் வாசகரைச் சேர்ந்தது பிரதியாகத்தான். இதில் அடர்த்தியைக் கூட்டி நிலைக்கவைக்கும் வழியும் கிடையாது, மேலே எத்தனை பூச்சு ஏற்றினாலும் சாயம் சாயம்தான். நீங்கள் காட்டும் பொறுமை ஒளியைக் காப்பாற்றுவதற்கு. அந்த ஒளி ஸ்கேனிலும் அப்படியே பதியும். படம் முடிந்து நன்றாகக் காய்ந்ததும், ஜெல் பேனாவின் ஈரம் போனதும், அன்றைக்கே ஸ்கேன் செய்துவிடுங்கள். சுவருக்குப் பிரதியை மாட்டுங்கள், மூலத்தை வெளிச்சம் புகாத கோப்பில் வையுங்கள்.