மாடிப்படிக்கு அடியில் அக்கினி பகவான்

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாளம் பக்கத்துத் தக்கோலத்திலேயே வீற்றிருக்கும் தைரியத்தினாலோ என்னவோ, அரக்கோணத்தில் நான் அறிந்த ஓர் அலுவலகத்தார், ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரிகளை, வயிறு உப்பியவை உட்பட, இருக்கிற ஒரே மாடிப்படிக்கு அடியில், பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே பிரதிஷ்டை செய்து, இராத்திரி முழுவதும் சார்ஜரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எதிரே தொங்கும் சிவப்பு வாளியில் மணலைக் காட்டிலும் வெற்றிலை எச்சிலே அதிகம். (மணலாகவே இருந்தாலும் பெரிய பிரயோஜனமில்லை, ஒரு செல் கொதித்தால் அடுத்த செல்லையும் மூட்டிவிடும் சுபாவமுள்ள இந்த வஸ்து, தனக்கு வேண்டிய பிராணவாயுவில் கொஞ்சம் தானே உற்பத்தி செய்துகொள்ளும்.)

2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் விற்பனைக்கூடத்தில் பிடித்த தீயின் புகை, மேலிருந்த ஓட்டலுக்கு மாடிப்படி வழியே ஏறி 8 பேரை மாய்த்த விருத்தாந்தத்தை எடுத்துரைத்து, பாதியளவு மின்னேற்றத்தோடு, வெயில் படாத, வெளியேறும் வழியை மறிக்காத தனியறையில் இவற்றை வைக்கலாகாதா என்று விண்ணப்பித்துக்கொண்டேன்.

மேலாளர் பரம சாந்தமாக, "தனி ரூம் இருக்கு சார், திருடு போயிடக் கூடாதுன்னு தீயணைப்புக் கருவிய அதுலதான் பூட்டி வச்சிருக்கோம்" என்றார்.

சாவிக்காரர் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி போயிருந்தார்.